முன், பின்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசை.
கீழே மோட்டார் உதிரிக் கடை
மேலே நான்கு சுவரும் கண்ணாடி.
துடைப்பது நான்.
சாவி கொடுப்பது, சந்தா வாங்குவது,
சேர வருகிறவர்களை
‘முன்’ படம் எடுப்பதும் நான்தான்.

அதற்கொரு பக்குவம் உண்டு.
டியூப்லைட்டுக்கு நேர் கீழே நிறுத்த வேண்டும்.
தலை சீவ வேண்டாம்.
மூச்சை விடுங்க, இன்னும் கொஞ்சம்,
வயிறு தானா வரட்டும்.
சிரிக்காதீங்க.
எல்லாரும் சிரித்துவிடுவார்கள்.
எல்லாரிடமும் சொல்வேன்:
சிரிச்சா வித்தியாசம் தெரியாது.

லோகேந்திரன் மூன்று முறை சிரித்தான்.
செம்பனை ஆலையில் இரவு வேலை முடித்து
சட்டையில் குலை வேகும் வாசத்தோடு
வாயோரம் கறிபாப் துணுக்கோடு.
நான்காவது படத்தில்தான்
நான் கேட்ட முகம் கிடைத்தது.

பிறகு அவன் பசியாறுவதில்லை.
உப்பில்லாத கோழி நெஞ்சு
கிராம் கணக்கில்.
அவன் அம்மா கொடுத்துவிட்ட தீபாவளி முறுக்கு
டின்னோடு என் கவுண்டருக்கு வந்தது.
தைப்பூசத்தில் பால்குடம் தூக்கிப் போனான்
மேல்சட்டை இல்லாமல்.
திரும்பி வந்து என்னிடம் கேட்டது
வேண்டுதலைப் பற்றி அல்ல.
“முதுகு எப்படி இருந்துச்சு, அக்கா?”

கோச் ரெகுநாதனின் மேசை டிராயரில்
லேபல் இல்லாத சின்னப் புட்டிகள்.
வைட்டமின் என்பார்.
அந்த டிராயர் சாவி
என் வளையத்தில்தான் தொங்கியது
கழிவறைச் சாவிக்கும் மாடிச் சாவிக்கும் நடுவில்.
வைட்டமின் என்றுதான் நானும் சொன்னேன்.

சிரம்பானில் போட்டி.
அதற்கு முன் மூன்று நாள்
தண்ணீர் கிடையாது.
தோலுக்கும் தசைக்கும் நடுவே
ஒரு சொட்டு நிற்கக் கூடாதாம்.
காயணும்டா, நல்லா காயணும் என்பார் கோச்
புகைக்கூண்டில் தொங்கும்
ரப்பர் ஷீட்டைச் சொல்வதுபோல.
உதடு வெடித்திருந்தது.
நாக்கால் தடவினான், அதுவும் காய்ந்திருந்தது.
நான் வாசலைப் பூட்டிவிட்டு
ஐஸ் மைலோ வாங்கப் போனேன்.
எனக்குத்தான்.

நான்காம் பரிசு.
மாடிப்படியில் ஆளுயரப் போஸ்டர்:
இடப்பக்கம் நான் எடுத்த முகம்
வலப்பக்கம் எண்ணெய் பூசிய வயிறு, எட்டுக் கட்டு.
போஸ்டர் ஒட்டிய வாரம்
அவனுக்கு மூத்திரம் கோப்பி நிறத்தில் போனது.
அதை அவன் சொல்லவில்லை.
கழிவறை கழுவுவதும் நான்தான்.

இப்போது நான்கு கடை தள்ளி
டயாலிசிஸ் நிலையம்.
செவ்வாய், வியாழன், சனி.
அங்கேயும் ஒரு தராசு இருக்கிறது.
படுக்கும் முன் ஏறச் சொல்கிறார்கள்
எழுந்த பின் ஏறச் சொல்கிறார்கள்
மிஸ்ஸி அட்டையில் எழுதுகிறாள்: முன், பின்.
“உலர் எடைன்னு ஒன்னு இருக்காம், அக்கா.
அதுக்கு வரணுமாம்.
கோச் சொன்ன அதே வார்த்தை.
இங்க சொக்சோ காசு கட்டுது.”
சொல்லிவிட்டுச் சிரித்தான்.
முதல் மூன்று படங்களில் இருந்த அதே பல்.
அவற்றை அன்றைக்கே அழித்துவிட்டேன்.

போஸ்டரை எடுத்துவிடலாமா என்றேன் முதலாளியிடம்.
இன்னும் ஆள் வருது என்றார்.

வருகிறது.
நேற்று வந்தவள் மேகவர்ணா
பேரங்காடிக் கவுண்டர் பெண்
ஆகஸ்டில் நிச்சயதார்த்தம்.
மாப்பிள்ளை வேறு யாருடைய படத்தையோ
அனுப்பியிருக்கிறான் கைப்பேசியில்.
இப்படி வா என்று.

டியூப்லைட்டின் கீழ் நிறுத்தினேன்.
வழக்கமாய்ச் சொல்வது
வாய் வரை வந்தது. சொல்லவில்லை.
அவள் சிரித்தாள், அழுத்திவிட்டேன்.
கன்னக்குழி, கலைந்த முடி,
கழுத்தில் இன்னும் கழற்றாத வேலை அட்டை.

எட்டிப் பார்த்தாள்.
“வேற எடுங்க, அக்கா.
இதுல நல்லா இருக்கேன்.”

நல்லாத்தானே இருக்கு என்றேன்.

“அதான்” என்றாள்.
சிரிப்பை நிறுத்திக்கொண்டு
தானாகவே விளக்கின் கீழே போய் நின்று
மூச்சை விட்டாள்.